கண்மாய்க்குள் நிற்கும் கல்வெட்டு: ஒரு குமிழித் தூணைப் படியெடுத்து ஊர் நூலகத்தில் வைத்த அனுபவம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்கள் கோடையில் வற்றிக் கிடக்கும்போது, உள்வாயின் (கரைக்கு உட்புறம் நீர் தேங்கும் பரப்பின்) நடுவே இரண்டு கருங்கல் தூண்கள் எதிரெதிராக நிற்பதையும், அவற்றைக் குறுக்குக் கற்கள் பிணைத்திருப்பதையும் பல ஊர்களில் காணலாம். இதுதான் குமிழி; குமிழித்தூம்பு என்றும் சொல்வார்கள். தூண்களுக்கு அடியில் கல்லால் மூடிய தொட்டி ஒன்று இருக்கும். அதன் மூடுகல்லில் உள்ள துளை நீரோடி. தொட்டியின் தரைமட்டத்தை ஒட்டியுள்ள சிறு துளைகள் சேறோடி. தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஓடி வயல் பக்கம் வெளியேறும் கல் வாய்க்காலுக்குச் சுருங்கை என்று பெயர். குறுக்குக் கற்களின் துளை வழியாக இறங்கும் தண்டின் நுனியில் உள்ள அடைப்பைத் தூக்கினால் நீரோடி வழியே தண்ணீர் இறங்குகிறது. அந்த ஓட்டம் அடியில் படியும் சேற்றையும் சேறோடி வழியாக இழுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறது. இப்படிப்பட்ட தூண்கள் பலவற்றில், குமிழியைச் செய்வித்தவரின் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கண்மாயில் உள்ள குமிழியின் இரு தூண்களில் ஒன்றில் அப்படி ஒரு கல்வெட்டு உண்டு. அதைத் தூய்மை செய்து, தாளில் படியெடுத்து, ஒளிப்படமாகவும் முப்பரிமாண வடிவமாகவும் பதிவு செய்து, ஊர் நூலகத்தில் ஒரு மூலையில் காட்சிக்கு வைத்தது வரையிலான வேலைகளை, இதே வேலையைத் தங்கள் ஊரில் செய்ய விரும்புகிறவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

ஊரின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எழுத்துப் பொறித்த கல் எங்கே நின்றாலும் அதற்கு அடியில் புதையல் இருக்கிறது என்று நம்பி இரவில் தோண்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போரில் இறந்த வீரருக்கு நட்ட நடுகற்களும், கணவனோடு உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு நட்ட சதிக்கற்களும் சாய்ந்து கிடப்பதற்கு மழையும் மண்ணரிப்பும் மட்டும் காரணமல்ல. கல்வெட்டின் இருப்பிடத்தைத் தொல்லியல் துறைக்கும் ஆய்வாளருக்கும் துல்லியமாகத் தெரிவிக்க வேண்டும். பொதுவெளியில் அப்படித் தெரிவிப்பதற்கு முன்பு ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இந்த வேலை தொடங்கியதே தூர்வாரும் அறிவிப்பால்தான். 2017இல் மாநில அரசு, நீர்நிலைகளை ஊரார் பங்கேற்புடன் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் கொண்டுவந்த பிறகு பல கண்மாய்களில் வண்டல் அள்ளும் பணி நடந்தது. அது தேவையான பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் பொக்லைன் ஓட்டுகிறவருக்கு, மண்ணுக்கு மேல் முழம் உயரம் மட்டும் தெரியும் ஒரு கல்லுக்கும் வெறும் பாறைக்கும் வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை. ஆகவே தாளும் மையும் வாங்குவதற்கு முன் நாங்கள் செய்த முதல் வேலை, குமிழியைச் சுற்றி மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டியதும், வேலை எடுத்தவரை நேரில் அழைத்து வந்து இடத்தைக் காட்டியதும்தான். கல்வெட்டுப் பாதுகாப்பில் இதைவிடச் செலவு குறைந்த, இதைவிடப் பயன் மிகுந்த வேலை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது அனுமதி. பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்குக் குறைவான கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கின்றன; அதைவிடப் பெரியவை நீர்வளத்துறையின் பொறுப்பு. எங்களுடையது சிறியது. ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, ஆயக்கட்டுக்காரர்களின் (கண்மாய் நீரில் பாசனம் செய்யும் நிலத்தாரின்) கூட்டத்திலும் சொல்லிவைத்தோம். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழோ 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின் கீழோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் என்றால் இது போதாது. அங்கே துறையின் அனுமதி இல்லாமல் கல்லில் கைவைக்கவே கூடாது. அறிவிக்கப்படாத இடத்திலும் தோண்டும் உரிமை நமக்கு இல்லை. மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாய் என்பது இன்று சிரிப்பை வரவழைக்கலாம். சட்டம் நடப்பில்தான் இருக்கிறது. எங்கள் வேலையைத் தரைக்கு மேல் தெரியும் பகுதியோடு நிறுத்திக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்தோம்.

கல்லைத் தூய்மை செய்வதில்தான் பொறுமை வேண்டும். தண்ணீரில் நின்ற கல்லில் மூன்று வகைப் படிவுகள் இருக்கும். மேலே வெள்ளையாகப் பூத்த உப்பு, நடுவே காய்ந்து கறுத்த பாசி, அடியில் எழுத்துக் குழிகளுக்குள் இறுகிப்போன களிமண். இவற்றுக்குத் தண்ணீரும் நைலான் தூரிகையும் தேங்காய் நாரும் போதும். களிமண்ணின் மேல் ஈரத்துணியைச் சுற்றி ஊறவிட்டு, பிறகு முனை மழுக்கிய மூங்கில் குச்சியால் எழுத்தின் போக்கிலேயே மெல்ல எடுத்தோம். இரும்புக் கம்பித் தூரிகை, அமிலம், சலவைத்தூள் ஆகிய மூன்றையும் கல்லின் அருகே கொண்டுவரவே கூடாது. அமிலம் பாசியைப் போக்கும். கூடவே கல்லின் மேற்பரப்பையும் அரிக்கும். கோயில்களில் சுவரை வெளுக்கச் செய்வதற்காக மணல் வீச்சு நடத்தியதில் மழுங்கிப்போன கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. போகாத உப்புப் படிவை அப்படியே விட்டுவிட்டோம். கல் புதிதுபோல் ஆக வேண்டும் என்பது நமது நோக்கமல்ல. எழுத்துத் தெரிந்தால் போதும்.

எழுத்துத் தெரிவதற்காகத் திருநீறு, மைதா, சுண்ணக்கட்டித் தூள் ஆகியவற்றைத் தேய்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒளிப்படத்தில் எழுத்துப் பளிச்சென்று விழும் என்பது உண்மைதான். ஆனால் மாவு கல்லின் நுண்துளைகளில் தங்கிப் பூசணத்துக்கு உணவாகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், தேய்க்கிறவர் எந்த எழுத்தை எதிர்பார்க்கிறாரோ அந்த எழுத்தையே தேய்த்து வரவழைத்துவிடுகிறார் என்பது. வண்ணச்சாயம் கொண்டு எழுத்துகளின் மேல் வரைந்துவிடுவது இன்னும் கேடு; தவறாக வரைந்த ஒரு கோடு அதன்பின் வருகிற எல்லோருடைய கண்ணையும் கட்டிவிடும்.

படியெடுக்கும் முறை நூறாண்டுகளுக்கு மேலாகப் பெரிதாக மாறவில்லை. 1886இல் சென்னை மாகாணத்தில் கல்வெட்டறிஞராக அமர்த்தப்பட்ட ஹுல்ஷ், தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதியை 1890இல் வெளியிட்டார். அதன்பின் வந்த கல்வெட்டுத் துறையினர் ஊர் ஊராகச் சென்று எடுத்தவை பெரும்பாலும் இந்தத் தாள்படிகள்தான். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானமாக இருந்ததால், இங்குள்ள கல்வெட்டுகளைச் சமஸ்தானமே தொகுத்து 1929இல் வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடம் அதில் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் ஒரு கல்வெட்டைக் கண்டதும் புதிய கண்டுபிடிப்பு என்று செய்தியாளரை அழைப்பதற்கு முன், அந்தத் தொகுப்பில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நாங்கள் பார்த்தோம், எங்கள் குமிழி அதில் இடம்பெறவில்லை.

தாளுக்கு, அச்சகங்களில் பயன்படும் மேப்லித்தோ தாளையே பயன்படுத்தினோம். அது நனைந்தாலும் எளிதில் கரையாது. தட்டும்போது எழுத்துக் குழிக்குள் இறங்கும் அளவுக்கு இளகும். எழுத்துப் பரப்பைவிடச் சுற்றிலும் நான்கு விரல் கூடுதலாக வெட்டிக்கொண்டு, அகன்ற தட்டில் தண்ணீர் நிரப்பி ஊறவைத்தோம். கல்லையும் நனைத்துவிட்டு, இரண்டு பேர் தாளின் மேல் விளிம்பைப் பிடித்து முதலில் மேலே ஒட்டி, பிறகு கீழே இறக்க வேண்டும். கீழிருந்து தொடங்கினால் தாள் தன் எடையிலேயே சுருண்டு விழும். ஒட்டியதும் ஈரத் தூரிகையால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் காற்றுக் குமிழ்களைத் தள்ளிவிட்டு, அதற்கென்றே உள்ள அடர்ந்த மயிர்த் தூரிகையால் சீராகத் தட்ட வேண்டும். கையைத் தூக்கி நேராகத் தட்ட வேண்டும், இழுக்கக் கூடாது. கல்லின் முனை கூர்மையாக இருக்கும் இடத்தில் தாள் கிழியும். கிழிந்த இடத்தில் நனைத்த தாள்துண்டு ஒன்றை வைத்து மேலே தட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். படி காய்ந்த பிறகு ஒட்டு இருந்த இடம் பெரும்பாலும் தெரிவதில்லை.

கண்மாய்க்குள் இந்த வேலைக்குப் பெரிய எதிரி காற்று. கோயில் சுவரில் படியெடுப்பவர்களுக்கு நிழலும் மறைப்பும் கிடைக்கும். வற்றிய உள்வாயிலோ வெயில் ஏறியதும் தாளின் விளிம்பு காய்ந்து மேலெழும்பும். அந்த இடைவெளியில் காற்றுப் புகுந்தால் முழுத் தாளும் கழன்றுவிடும். ஆகவே விடிவதற்கு முன்பே தாளை ஒட்டிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். காற்று வரும் பக்கத்தில் படுதாவை மூங்கிலில் கட்டி மறைத்தோம்.

மை பூசும் நேரத்தைத் தீர்மானிப்பதுதான் இந்த வேலையின் உயிர். தாள் மிகவும் ஈரமாக இருந்தால் மை பரவி எழுத்துக் குழிக்குள் இறங்கிவிடும்; முற்றிலும் காய்ந்திருந்தால் குழிக்குள் இறங்கிய தாள் இறுகி வெளியே வரத் தொடங்கியிருக்கும். தாளின் மேல் உள்ள மினுமினுப்பு மறைந்து, புறங்கையை வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிந்து ஈரம் ஒட்டாமல் இருக்கும் பதமே சரியான பதம். விளக்குக் கரியையும் பிசினையும் சேர்த்துச் செய்த கறுப்பு மையைத் தட்டையான பலகையில் மெல்லிதாகத் தடவி, பஞ்சைத் துணியில் இறுக்கிக் கட்டிய மைப்பொதியால் அதை ஒற்றி, முதலில் பழைய செய்தித்தாளில் தட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு படியின் மேல் தட்ட வேண்டும். ஒரே தடவையில் கறுப்பாக்க முயலக் கூடாது. மெல்லிய பூச்சாகப் பலமுறை தட்டினால், கல்லின் மேற்பரப்புக் கறுத்து, பள்ளமான எழுத்துகள் வெள்ளையாக எழுந்து நிற்கும். மை தாளின் வெளிப்பக்கத்தில் படுவதால் எழுத்து இடம் வலம் மாறாமல் நேராகவே வாசிக்கக் கிடைக்கிறது. கல்லில் மை படுவதே இல்லை. தாளைக் கழற்றியதும் விளிம்பில் கசிவு ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும்.

தூணின் இரண்டு முகங்களில் எழுத்து இருந்ததால் ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியே படி எடுத்தோம். ஒரே தாளை முனையில் மடக்கி எடுத்தால் முனையை ஒட்டிய எழுத்துகள் சிதைகின்றன. காய்ந்த படியின் பின்பக்கத்தில் மாவட்டம், வட்டம், ஊர், கண்மாயின் பெயர், எந்தத் தூண், எந்தத் திசை முகம், எத்தனையாவது தாள், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதினோம். பேனா மை ஈரம் பட்டால் ஊறிப் பரவும். இந்தக் குறிப்பு இல்லாத படி, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சில ஆண்டுகளில் வெறும் கறுப்புத் தாளாகிவிடும். அலுவலகங்களிலும் வீடுகளிலும் எந்த ஊர்க் கல் என்று தெரியாமல் கிடக்கும் படிகள் குறைவல்ல. மடித்து வைத்தால் மடிப்பில் எழுத்துத் தேயும் என்பதால், தடித்த அட்டைக் குழாயில் சுருட்டி வைத்தோம்.

தாள்படி இருக்கும்போது ஒளிப்படம் எதற்கு என்று சிலரும், கைப்பேசியிலேயே படம் எடுக்கலாமே, தாள்படி எதற்கு என்று இளைஞர்களும் கேட்டார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். தாள்படி கல்லின் நிறக்கறைகளை முற்றாக நீக்கிவிட்டு மேடு பள்ளத்தை மட்டும் காட்டுகிறது. அளவும் உள்ளபடி கிடைக்கிறது. ஆனால் மிகவும் மழுங்கிய எழுத்தில் தாள் இறங்குவதில்லை. அங்கே மை எல்லாவற்றையும் ஒரே கறுப்பாக மூடிவிடுகிறது. சாய்வொளிப் படத்தில் அந்த மெல்லிய பள்ளம்கூட நிழலாகத் தெரியும்.

சாய்வொளி என்பது விளக்கைக் கல்லின் முகத்துக்கு ஏறத்தாழ இணையாக, மிகச் சாய்வாகப் பிடிப்பது. பொழுது சாய்ந்து வெளிச்சம் அடங்கிய பிறகு, கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒரு எல்இடி கைவிளக்கை மட்டும் தூணைச் சுற்றி இடம் மாற்றிக்கொண்டே போனோம். ஒரு கோட்டின் போக்கிலேயே ஒளி விழுந்தால் அந்தக் கோடு நிழல் தராது. இடப்பக்க விளக்கில் படுக்கைக் கோடுகளும், மேலிருந்து வரும் விளக்கில் நெடுங்கோடுகளும் மறைந்துபோகும். ஆகவே குறைந்தது எட்டுத் திசைகளிலிருந்தாவது ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொன்றையும் தனிப் படமாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட பத்து சென்டிமீட்டர் அளவுகோல் இருக்க வேண்டும். அது எழுத்தை மறைக்காமல், எழுத்து இருக்கும் அதே தளத்தில் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் அதிர்வைத் தவிர்க்க இரண்டு நொடித் தாமதம் வைத்துக்கொண்டோம்.

முப்பரிமாணப் பதிவுக்கு இதற்கு நேர்மாறான ஒளி தேவை. நிழலே விழாத மேகமூட்டமான காலையில், தூணை மூன்று உயரங்களில் சுற்றி வந்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மூன்றில் இரண்டு பங்காவது பொதுவாக இருக்கும்படி எடுத்தோம். இந்தப் படங்களை இணைத்து வடிவமாக்க மெஷ்ரூம் என்னும் இலவச மென்பொருள் கிடைக்கிறது. ஆனால் முழு நுணுக்கத்துடன் வடிவமாக்க என்விடியா வரைகலை அட்டை கொண்ட கணினி வேண்டும். வடிவம் கிடைத்ததும் அதன் மேலுள்ள நிறத்தை நீக்கிவிட்டுச் சாம்பல் நிறத்தில் மட்டும் பார்க்க வேண்டும். கண்ணுக்கு எழுத்துபோலத் தெரிந்த பாசிக்கறை அங்கே காணாமல் போகும். கறையால் மறைந்திருந்த கோடு எழுந்து வரும். எங்கள் கல்லில் ஒரு வரியின் முடிவில் இருப்பதாக எல்லோரும் நம்பிய ஓர் எழுத்து உண்மையில் கல்லின் பொரிவு என்பது இப்படித்தான் தெளிந்தது.

வாசிப்பைப் பற்றி விரிவாக எழுத நான் கல்வெட்டறிஞன் அல்லன். எழுத்தமைதியை (எழுத்துகளின் வடிவத்தை) கொண்டு ஏறத்தாழ பதின்மூன்றாம் நூற்றாண்டு என்று, வந்து பார்த்த பேராசிரியர் கருதினார். தொடக்கத்தில் ஸ்வஸ்திஸ்ரீ என்னும் மங்கலச் சொல் கிரந்த எழுத்தில் இருக்கிறது; குமிழியைச் செய்வித்த செய்தி தெளிவாக இருக்கிறது; செய்வித்தவர் பெயரின் முற்பகுதி உடைந்துபோயிருக்கிறது. பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருப்பதில்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே இருக்கும். கால் என்னும் நெடில் குறியும் (ா) ரகரமும் வேறுபாடின்றித் தோன்றும். ஆகவே ஒரு பெயரை வாசிப்பது என்பது பெரிதும் ஊகத்தைக் கட்டுப்படுத்தும் வேலை. நாங்கள் கைக்கொண்ட ஒழுங்கு ஒன்றுதான். இருவர் ஒருவர் வாசிப்பை மற்றவர் பாராமல் தனித்தனியே எழுதுவது. ஒத்துப்போகும் எழுத்துகளை மட்டும் உறுதியாகக் கொள்வது. ஐயமுள்ளவற்றை அடைப்புக்குறிக்குள் இடுவது. போன எழுத்துகளுக்குப் புள்ளிகள் வைப்பது. உடைந்த இடத்தில் எங்கள் ஊரில் இன்று வழங்கும் ஒரு பட்டப்பெயரை இட்டு நிரப்பலாமே என்று ஊர்க்காரர்கள் சிலர் விரும்பினார்கள். அவர்களது விருப்பம் எனக்குப் புரிகிறது. ஆனால் கல் அதைச் சொல்லவில்லை.

அடுத்து எழுந்தது, கல்லை என்ன செய்வது என்ற கேள்வி. தூணைப் பெயர்த்துப் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தால் பாதுகாப்பாக இருக்கும் என்பது ஒரு தரப்பு. 1910இல் சமஸ்தானக் காலத்தில் தொடங்கப்பட்டு, இன்று திருக்கோகர்ணத்தில் இயங்கும் அந்த அருங்காட்சியகத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இடம்பெயர்ந்து, சிதைந்த கோயில்களிலிருந்து வந்த சிற்பங்களுக்கு அதுவே தக்க இடம். ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கும் குமிழித் தூணைப் பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கரையிலிருந்து எவ்வளவு உள்ளே குமிழி நிற்கிறது, அதன் தொட்டி எந்த மட்டத்தில் இருக்கிறது, சுருங்கை எந்த வயலை நோக்கிப் போகிறது, மிகைநீர் வழியும் கலிங்கின் உயரத்துக்கும் தூணின் உச்சிக்கும் என்ன உறவு என்பவை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஆவணம். எழுத்து அதில் சிறு பகுதி. தூணை மட்டும் கொண்டுபோய்க் கூடத்தில் நிறுத்தினால், பெயர் தெரியாத ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்வித்தார் என்று சொல்லும் ஒரு கல் மிஞ்சும். ஆகவே கல் கண்மாயில் நிற்கட்டும், படி ஊருக்குள் வரட்டும் என்று கூட்டத்தில் முடிவானது. மழைக்குக் கண்மாய் நிறைந்தால் கல் நீருக்குள் போய்விடுமே என்று கேட்டவருக்கு, வயதில் மூத்த ஓர் ஐயா, இத்தனை காலமும் அது தண்ணீருக்குள்தானே இருந்தது தம்பி, என்று விடை சொன்னார். அவருடைய இளமையில் கண்மாய் நிறைந்திருக்கும்போது நீந்திப் போய் அடைப்பைத் தூக்கியவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவர் சொன்ன விவரங்களை ஒலிப்பதிவு செய்துகொண்டோம். கல்வெட்டைவிட விரைவில் மறையக்கூடியது அந்த நினைவு.

காட்சிக்கு ஊர் நூலகத்தின் ஒரு சுவர் கிடைத்தது. மூலப் படியை மாட்டவில்லை. கரி மை வெளுக்காது என்றாலும் தாள் வெளிச்சத்தில் பழுத்துப்போகும். பூச்சி வேறு இருக்கிறது. படியை வருடியில் (ஸ்கேனரில்) பதிவு செய்து, உள்ள அளவிலேயே அச்சிட்ட நகலைத்தான் சட்டமிட்டோம். சட்டத்தைச் சுவரில் ஒட்டாமல், பின்னால் காற்றோடுமாறு மரக்கட்டை வைத்து மாட்டினோம். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர் அது. வழக்கமாகப் பெரியவர்களின் கண்மட்டத்துக்கு மாட்டுவார்கள். நூலகத்துக்கு வருகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகளே மிகுதி என்பதால் ஓரடிக்கு மேல் தாழ்த்தினோம்.

விளக்கப் பலகை எழுதுவது படியெடுப்பதைவிடக் கடினமாக இருந்தது. ஊர்ப் பெருமை என்றதும் சோழர், பாண்டியர் பெயர்களையும், உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏரியைக் கவனித்த ஊர்க் குழுவான ஏரி வாரியத்தைப் பேசுவதையும் சேர்த்து எழுதத் தோன்றுகிறது. அவை உண்மைகள்தான், ஆனால் எங்கள் கல்லுக்கும் உத்திரமேரூருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கல்லில் அரசர் பெயர் இல்லை என்பதையே பலகையில் எழுதினோம். ஒரு குமிழியை அரசன் ஆணையில்லாமல் ஊரைச் சேர்ந்த ஒருவரும் செய்வித்திருக்கலாம் என்று பிள்ளைகள் யோசிக்க அது இடம்தருகிறது. பலகையில் மூன்று அடுக்குகள்: நின்று பாராதவருக்கும் புரியும் ஒரு பெரிய தலைப்பு வரி, ஒரு நிமிடம் நிற்பவருக்கு ஒரு சிறு பத்தி, ஆர்வமுள்ளவருக்குக் கல்வெட்டின் பாடமும் இன்றைய தமிழில் அதன் பொருளும். பாடத்தில் உள்ள அடைப்புக்குறியும் புள்ளிகளும் எதைக் குறிக்கின்றன என்பதையும் அங்கேயே எழுதினோம்.

தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று நூலகர் விரும்பினார். கல்லின் மேலேயே ரப்பர் குழம்பை ஊற்றி அச்செடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை ஏற்கவில்லை, அந்தக் குழம்பின் எண்ணெய் கல்லில் ஊறிக் கறையாக நின்றுவிடும். அதற்குப் பதிலாக, அருகிலுள்ள கல்தச்சர் ஒருவரிடம் படியின் நகலைக் கொடுத்து, தனிப் பலகைக் கல்லில் முதல் வரியை மட்டும் வெட்டித் தரக் கேட்டோம். அவர் கல்லில் முதலில் செங்காவியால் எழுதிக்கொண்டு, பிறகு கூருளியால் வெட்டினார். வளைவான எழுத்துகளில் உளியைத் திருப்பத் திருப்பக் குழியின் ஆழம் மாறுவதைக் காட்டி, மூலக்கல்லிலும் அதேபோல வளைவுகளின் திருப்பத்தில் ஆழம் கூடியிருப்பதைப் படியில் சுட்டினார். எங்களில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அதன்பின் ஐயமான இரண்டு எழுத்துகளில் ஒன்றை, உளி திரும்பிய இடத்தைக் கொண்டே உறுதிசெய்ய முடிந்தது. இப்போது பிள்ளைகள் அந்தப் பலகைக் கல்லின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆளுக்கொரு படி எடுத்துப் போகிறார்கள்; மூலக்கல்லின் மேல் எவரும் கைவைக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

அதன் அருகே குமிழியின் இயங்கும் மாதிரி ஒன்றும் இருக்கிறது. கண்ணாடி மீன்தொட்டியைக் கண்மாயாக வைத்து, உள்ளே சிமெண்டால் சிறு தொட்டியும் நீரோடி, சேறோடித் துளைகளும் அமைத்து, கரைக்கு அடியில் ஒரு குழாயைச் சுருங்கையாக விட்டோம். அடைப்புக்கு முதலில் மரம் வைத்தபோது அது ஊறிப் பருத்துச் சிக்கிக்கொண்டது. மாக்கல்லைக் கூம்பாகக் கடைந்து வைத்ததும் சரியாயிற்று. மீன்தொட்டியில் வண்டலைக் கரைத்துவிட்டு அடைப்பைத் தூக்கினால், மேலிருந்து தெளிந்த நீரும் அடியிலிருந்து கலங்கிய நீரும் சேர்ந்து குழாய்க்குள் போவதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். சேறோடித் துளைகளைக் களிமண்ணால் அடைத்துவிட்டு மறுபடி திறந்தால், அடிச்சேறு அசையாமல் கிடப்பதையும் பார்க்கலாம். பலகையில் எவ்வளவு எழுதினாலும் விளங்காத செய்தி இது.

எடுத்த படிகளில் ஒரு தொகுதி தொல்லியல் துறைக்கும், ஒளிப்படங்களின் முழுக் கோப்பு நூலகக் கணினிக்கும், அதன் நகல் பள்ளிக்கும் போயிருக்கின்றன. கோப்புப் பெயர்களில் ஊர், தூண், திசை, நாள் ஆகியவற்றை ஒரே வரிசையில் இட்டிருப்பதால், இந்த வேலையில் இல்லாத ஒருவரும் எந்தப் படம் எந்த முகத்துடையது என்று கண்டுகொள்ளலாம். ஒவ்வொரு கோடையிலும் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் ஒரு படம் எடுத்துச் சேர்ப்பது என்று ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தூண் சாய்கிறதா, உப்புப் படிவு கூடுகிறதா என்பது அதில் தெரியவரும்.

கல்வெட்டின் கடைசி வரி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. மண்மட்டத்தை ஒட்டி அதன் எழுத்துகளின் தலைக்கோடுகள் மட்டும் தாள்படியில் விழுந்திருக்கின்றன. அதற்காகத் தூணின் அடியைக் கிளறினால் தொட்டியின் மூடுகல் அசையக்கூடும் என்பதால் நாங்கள் தொடவில்லை, துறைக்கு எழுதியிருக்கிறோம். நூலகப் பலகையில் அந்த வரிக்கு இப்போது புள்ளிகள் மட்டுமே இருக்கின்றன. பாடம் கிடைத்ததும் மாற்றி ஒட்டுவதற்கு வசதியாக அந்தப் பகுதியைத் தனி அட்டையில் எழுதித் திருகாணியால் பொருத்தியிருக்கிறோம்.